கேஜ் எங்கே தம்பி?

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. "பம்ப் போயிருக்கும் சார், மாத்திரலாம்." எதை வைத்துச் சொல்கிறார்? காதால் கேட்டு, கையால் தொட்டு, அனுபவத்தில் சொல்கிறார். அனுபவம் பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் மில் மெயின்டெனன்ஸில் பாய்லரோடும் கம்ப்ரஸரோடும் மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அழுத்தம் காதுக்குக் கேட்காது, கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்ப்பதற்கென்று ஒரு சாமான் இருக்கிறது. வட்டமான டயல், உள்ளே ஒரு முள். அதை மாட்டாமல் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறவர் வைத்தியம் பார்க்கவில்லை, சீட்டுப் போட்டுப் பார்க்கிறார். சீட்டுக்குப் பணம் கட்டுவது மட்டும் நாம்.

இவ்வளவு காட்டமாக எழுதக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். நம்மிடம் இருப்பதெல்லாம் ரிட்டயர் ஆகிறபோது வந்த பணத்தில் வாங்கியதோ, அதற்குச் சில வருஷம் முன்பு லோன் போட்டு வாங்கியதோ, ஒரு சின்னக் கார். வண்டிக்கு இருபது வயசானாலும் ஓட்டம் என்னவோ குறைவுதான். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், எப்போதாவது பேத்தியைக் கூட்டிவர ஸ்டேஷன். மற்ற நாளெல்லாம் போர்ட்டிகோவில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். இப்படி நின்றுகொண்டே கிடக்கும் வண்டிக்கு முதலில் வருகிற வியாதி ஸ்டார்ட்டிங் ட்ரபிள். அதற்கு வைத்தியம் என்ற பெயரில் பென்ஷன் பணம் கரைகிறது. பணம் போனாலும் பரவாயில்லை, கடைசியில் "வித்துருங்க சார், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். வித்த பிறகு நம் ஆட்கள் வேறு கார் வாங்குவதில்லை. வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். நான் இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

நம் தலைமுறை மெக்கானிக்குகள் கேஜ் இல்லாமல்தானே வேலை பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். உண்மை. அம்பாஸிடரிலும் பத்மினியிலும் கார்புரேட்டர். பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும். கேம் தள்ளத் தள்ள உள்ளே இருக்கும் டயாஃப்ரம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதில் வரும் அழுத்தம் சுமார் கால் கிலோ. மிதவைத் தொட்டியில் பெட்ரோல் நிறைந்தால் போதும், மற்றதை உறிஞ்சிக்கொள்வது இன்ஜினின் வேலை. ஹோஸைக் கழற்றி, செல்ஃப் அடித்து, பெட்ரோல் துள்ளி விழுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பாதி வழியில் வண்டி மூச்சுத் திணறும். பம்பின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியடைத்துக்கொள்ளும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஒரு பீடி குடிக்கிற நேரம் நிறுத்தினால் (பீடி தள்ளி நின்று!) மறுபடி கிளம்பும். அந்த வைத்தியம் அந்த வண்டிக்குச் சரி.

எம்.பி.எஃப்.ஐ. வந்ததும் கதை மாறிவிட்டது. பம்ப் பின்னால் டேங்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது, அதுவும் மின்சார பம்ப். அழுத்தம் கால் கிலோ அல்ல, பெரும்பாலான சின்ன கார்களில் 3 கிலோவை ஒட்டி. பழைய கணக்கில் 43 பவுண்டு. ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. ஹோஸைக் கழற்றினால் கால் கிலோவிலும் பெட்ரோல் துள்ளும், 3 கிலோவிலும் துள்ளும், ஒன்றரை கிலோவிலும் துள்ளும். "பாருங்க சார், பெட்ரோல் நல்லா வருது" என்று காட்டுவதற்கு இப்போது அர்த்தமே இல்லை. வருகிறதா என்பதல்ல கேள்வி. எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது, நிறுத்திய பிறகு அந்த அழுத்தம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்ஜெக்டர் என்பது ஒரு சின்ன மின்சாரக் குழாய். கம்ப்யூட்டர் சொல்கிற சில மில்லி செகண்டு திறந்து மூடும். அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கும் என்பது பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் பெட்ரோல் பாதியாகாது, சுமார் 70 சதவீதம் வரும். ஆனால் பனித்துளி மாதிரி தெளிக்க வேண்டியது சொட்டுச் சொட்டாக விழும். குளிர்ந்த இன்ஜினில் அது தீப்பிடிக்காது. சூடான இன்ஜினில் எப்படியோ சமாளித்து ஓடிவிடும். அதனால்தான் "காலையில மட்டும் மக்கர், அப்புறம் பறக்குது" என்ற புகார்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க மெனக்கெடவே வேண்டாம். கிணற்று மோட்டார் தெரியாதவர் கோயமுத்தூரில் யார்? மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் ஏறிய தண்ணீர் கீழே இறங்காமல் பிடித்து வைப்பது எது? ஃபுட் வால்வு. அது கசிந்தால் ராத்திரியெல்லாம் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி நிரப்பினால்தான் இழுக்கும். காரிலும் அதே சங்கதிதான். பம்புக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. இன்ஜின் பக்கம் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. நாலு இன்ஜெக்டர் மூக்கு இருக்கிறது. இதில் எது கசிந்தாலும் ராத்திரி அழுத்தம் இறங்கிவிடும். காலையில் பம்ப் மறுபடி நிரப்பி முடிக்கிற வரைக்கும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபுட் வால்வு கசிகிறது என்று தெரியாமல் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புகிற விவசாயியை ஊரே சிரிக்கும். காரில் அதையே செய்தால் பில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். 2003 மாடல் சின்னக் கார். கம்பெனி பெயர் வேண்டாம், குறை கம்பெனியுடையதும் அல்ல. காலையில் மூன்று தடவை சாவி திருப்பினால்தான் பிடிக்கும். கடைக்குப் போய் அஞ்சு நிமிஷத்தில் திரும்பி வந்தால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். ஒரு மணி நேரம் நிறுத்தினால் மறுபடி பழைய குருடி. அவர் மனைவிக்குக் கண்ணில் ஊசி போட மாதா மாதம் போகவேண்டும். பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை நிறுத்தாமல், உள்ளே போகாமல், முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தம்மா தனியாகக் கையைத் துழாவிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது வாத்தியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் விட்டிருந்தார். பில்களை ஃபைல் போட்டு வைத்திருந்தார், வாத்தியார் அல்லவா. முதலில் பேட்டரி, 4,200. சரியாகவில்லை. பிளக் நாலும் மாற்றி, த்ராட்டில் பாடி கிளீனிங், 1,800. சரியாகவில்லை. இன்ஜெக்டர் கிளீனிங், 2,500. இரண்டு நாள் பரவாயில்லாமல் இருந்து மறுபடி அதே. கடைசியாகப் பெட்ரோல் பம்ப், மாட்டுகிற கூலியோடு 5,500. ஆகமொத்தம் 14,000 ரூபாய். அதன் பிறகும் காலையில் மூன்று தடவை. அடுத்ததாக "ஈ.சி.எம். சந்தேகமா இருக்குங்க, அதுக்கு இந்த வண்டியையே வித்துரலாம்" என்று சொன்னார்களாம்.

நாலு பில்லையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எந்தப் பில்லிலும் 'டெஸ்ட்' என்ற ஒரு சொல் இல்லை. எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று ஓர் எண் இல்லை. பேட்டரியை மாற்றினார்களே, ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு வோல்ட் இறங்கியது? எழுதவில்லை. மில்லில் நான் சூபர்வைசராக இருந்தபோது இப்படி ஒரு ஜாப் கார்டு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. ஸ்டார்ட்டிங் ட்ரபிள் என்பது ஒரே வியாதி அல்ல. செல்ஃப் சோம்பலாக, "ங்ர்... ங்ர்..." என்று இழுத்தால் அது மின்சார வியாதி. செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றி, இன்ஜின் மட்டும் பிடிக்காமல் நேரமெடுத்தால் அது பெட்ரோலோ, ஸ்பார்க்கோ, ஏதோ ஒரு சென்ஸாரோ. முதல் வகைக்குப் பெட்ரோல் பம்பை மாற்றுவதும், இரண்டாம் வகைக்குப் பேட்டரியை மாற்றுவதும் தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுகிற வேலை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது ஒன்பதரைக்குக் கீழே விழக்கூடாது. விழுந்தாலும் உடனே பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் புதுசு வாங்கலாம். வாத்தியார் வண்டியில் செல்ஃப் முதல் நாளிலிருந்தே ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரியை மாற்றியதற்கு ஒரு காரணமும் கிடையாது, ஷோகேஸில் இருந்தது என்பதைத் தவிர.

என்னிடம் ஒரு ஃப்யூயல் பிரஷர் கேஜ் இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, நாலைந்து அடாப்டரோடு வரும். அதை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பையனிடம் போனோம். நானே மாட்டவில்லை. பெட்ரோல் லைனைத் திறப்பது வீட்டு போர்ட்டிகோவில் வைத்துச் செய்கிற வேலை அல்ல. 3 கிலோ அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் பீச்சியடித்துச் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கிற வரை ஓடவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரோ மணல் வாளியோ வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பையன் ஒழுங்காகச் செய்தான்.

கேஜை மாட்டி, பேட்டரியையும் ஃப்யூஸையும் திரும்பப் போட்டு, சாவியை ஆன் செய்ததும் பம்ப் "ஙொய்ங்" என்று இரண்டு மூன்று செகண்டு ஓடி நின்றது. முள் மூன்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, அது புதுசு. இன்ஜினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தினோம். முள் கீழே நடக்க ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்தில் ஒன்றுக்குக் கீழே போய்விட்டது. மேனுவல்களில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள், ஆனால் நிறுத்தியதும் இப்படிச் சரிகிற வண்டி ஆரோக்கியமான வண்டி அல்ல என்பதற்கு மேனுவல் வேண்டாம்.

இப்போதுதான் ரசமான இடம். அழுத்தம் மூன்று வழியில்தான் போகமுடியும். வந்த வழியே பம்பின் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பலாம். ரெகுலேட்டர் கசிந்து ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குப் போகலாம். இன்ஜெக்டர் மூக்கு வழியாக இன்ஜினுக்குள் சொட்டலாம். பையனை மறுபடி பம்பை ஓட்டச் சொல்லி, முள் ஏறியதும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரு கிளாம்பால் அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். சாவியை ஆஃப் செய்தோம். முள் அசையவில்லை. அஞ்சு நிமிஷம் மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அசையவே இல்லை. கிளாம்பை எடுத்ததும் மறுபடி சரிந்தது. குற்றவாளி ரெகுலேட்டர். உட்காரும் இடம் தேய்ந்து கசிந்திருக்கிறது. விலை 1,100 ரூபாய். பழைய பம்பும், பழைய பேட்டரியும், நாலு பிளக்கும் நிரபராதிகள்.

ரிட்டர்னை அமுக்கியும் முள் இறங்கியிருந்தால், அடுத்து பம்பிலிருந்து வரும் ஹோஸை அமுக்கிப் பார்த்திருப்போம். அப்போது நின்றால் பம்பின் வால்வு. இரண்டையும் அமுக்கியும் இறங்கினால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. அந்த வண்டி காலையில் முதலில் ஸ்டார்ட் ஆகும்போது கறுப்புப் புகையோடு பெட்ரோல் வாசம் அடிக்கும், பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருக்கும். முள் மூன்று வரை ஏறவே இல்லையென்றால் அது வேறு கதை: ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பம்புக்கு வருகிற கரன்டே குறைவாக இருக்கலாம். பேட்டரியில் 12 வோல்ட் இருந்து பம்ப் முனையில் பத்துதான் வருகிறதென்றால் தப்பு வயரிலும் ரிலேயிலும் எர்த்திலும். புது பம்பும் அங்கே தள்ளாடத்தான் செய்யும். இதெல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. கிளாம்பை ரப்பர் ஹோஸில் மட்டும் போடணும், கெட்டியான பிளாஸ்டிக் குழாயில் போட்டால் விரிசல் விடும். பின்னால் வந்த மாடல்களில் ரிட்டர்ன் ஹோஸே இல்லை, ரெகுலேட்டரும் பம்போடு டேங்குக்குள் இருக்கும். அங்கே பம்ப் அசெம்பிளியை மாற்றச் சொன்னால் நியாயம் இருக்கலாம். அப்போதும் இறங்குகிற முள்ளைக் காட்டிவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

"ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம் சார், எரர் எதுவும் இல்லை" என்பது அடுத்த மந்திரம். எனக்கு ஸ்கேனர் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தப் பழைய சின்ன கார்களில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கிற சென்ஸாரே கிடையாது. கம்ப்யூட்டர் 3 கிலோ இருக்கிறதென்று நம்பிக்கொண்டு, அதை வைத்து இன்ஜெக்டரைத் திறக்கும் நேரத்தைக் கணக்குப் போடுகிறது. அழுத்தம் பூஜ்யமாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. தெரியாத விஷயத்தை அது ஸ்கேனரிடம் எப்படிச் சொல்லும்? ஸ்கேனர் உதவுகிற இடம் வேறு. உதாரணத்துக்கு, கூலன்ட் டெம்பரேச்சர் சென்ஸார் பழுதாகி, ஆறிப்போன இன்ஜினை 80 டிகிரி சூட்டில் இருப்பதாகக் காட்டினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும், காலையில் வண்டி பிடிக்காது. பழைய நாளில் சோக் இழுக்காமல் ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்கேனரைப் போட்டு, இன்ஜின் சூடு எவ்வளவு காட்டுகிறது என்று படித்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகும். அதையும் யாரும் படிப்பதில்லை. எரர் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் பார்க்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு பலியாடு கிடைத்திருக்கிறது. எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் எல்லா பங்க்கிலும் வந்ததிலிருந்து எந்தப் பழைய வண்டி எதற்கு நின்றாலும் "எத்தனால் சார்" என்கிறார்கள். எத்தனால் மேல் நியாயமான குற்றச்சாட்டுகள் உண்டு. அதில் உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஈரத்தை இழுக்கும். அதற்கென்று தயாரிக்கப்படாத பழைய ரப்பர் ஹோஸ், வாஷர், டயாஃப்ரம் எல்லாம் சீக்கிரம் கெட வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயம்தான், நானும் கவலைப்படுகிறேன். ஆனால் "எத்தனால்" என்பது ஒரு வைத்தியம் அல்லவே! சரி, எத்தனால்தான் கெடுத்தது, எதைக் கெடுத்தது? ஹோஸையா, ரெகுலேட்டரையா, பம்பையா? அதைக் கண்டுபிடிக்க மறுபடி கேஜிடம்தான் வரவேண்டும். அரசாங்கத்தைத் திட்டிவிட்டு 5,500 ரூபாய் பில்லை நீட்டுவது திட்டுக்கும் நியாயமில்லை, பில்லுக்கும் நியாயமில்லை.

மெக்கானிக் பக்கத்தையும் கேட்டேன். அந்தச் சின்னப் பட்டறைப் பையன் மனம்விட்டுச் சொன்னான். "ஐயா, கேஜ் வாங்கறது பெருசில்லீங்க. அரை மணி நேரம் டெஸ்ட் பண்ணிட்டு முந்நூறு ரூபா கேட்டா, 'ஒண்ணுமே மாத்தலியே, எதுக்குப் பணம்?'னு கேக்கறாங்க. பம்பை மாத்திட்டு அஞ்சாயிரம் கேட்டா பேசாம குடுத்துட்டுப் போறாங்க." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நம் ஆட்களுக்குச் சாமான் கையில் வந்தால்தான் காசு கொடுத்த திருப்தி. பழைய பம்பைப் பேப்பரில் சுற்றி டிக்கியில் போட்டுக் கொடுத்தால் நேர்மையான ஒர்க்ஷாப் என்று நாலு பேரிடம் சொல்லுவோம். மூளைக்குக் காசு கொடுக்க மனசு வராது. டாக்டரிடம் பி.பி. பார்த்ததற்கும் ரத்தம் டெஸ்ட் எடுத்ததற்கும் வாயைத் திறக்காமல் பணம் கட்டுகிறோம். பி.பி. பார்க்காமல் மாத்திரை எழுதினால் அந்த டாக்டரிடம் அடுத்த தடவை போகமாட்டோம். காருக்கு மட்டும் எதிர்மாறாக நடந்துகொண்டால் ஒர்க்ஷாப்காரர் சாமான் விற்கிறவராகத்தான் மாறுவார். பெரிய ஒர்க்ஷாப்புக்கு இந்தச் சலுகையை நான் தரமாட்டேன். அவர்களிடம் கேஜ் உண்டு, மேனுவல் உண்டு, ஏ.சி. போட்ட வெயிட்டிங் ரூம் உண்டு. கேஜ் எந்த அலமாரியில் தூங்குகிறது என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே, வண்டியை விடுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியதைப் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு எத்தனை செகண்டு, அஞ்சு நிமிஷம் நிறுத்தியபின் எத்தனை, ஒரு மணி நேரம் நிறுத்தியபின் எத்தனை. புகை வந்ததா, என்ன நிறம். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து அந்த "ஙொய்ங்" கேட்கிறதா. (காது கேட்காதவர்கள் பேரனைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள்.) அப்புறம் ஒரு சுலபமான சோதனை: ஒருநாள் காலையில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்து மூன்று செகண்டு விடுங்கள், ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று நாலு தடவை. அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். டக்கென்று பிடித்தால், ராத்திரியில் அழுத்தம் இறங்குகிறது என்று ஏறக்குறைய முடிவுக்கு வரலாம். ஒவ்வொரு தடவையும் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிவிடுகிறது, குடத்துத் தண்ணீரைக் குழாயில் ஊற்றுகிற மாதிரி. அப்படிச் செய்தும் பிடிக்கவில்லையென்றால் வேறு இடத்தில் தேடவேண்டும். மாறாக, பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் அப்போது இன்ஜெக்டர் தெளிப்பதை நிறுத்திவிடும், நனைந்த பிளக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் சொட்டுகிற இன்ஜெக்டர் மேல் சந்தேகம்.

பட்டறையில் ரெகுலேட்டர் மேலிருக்கும் மெல்லிய வேக்குவம் ஹோஸையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் உள்ளே பெட்ரோல் ஈரமிருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதற்குக் கேஜ்கூட வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதி மெக்கானிக் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு, பம்ப் என்று ஆரம்பித்தால் "எவ்வளவு கிலோ காட்டுச்சு?" என்று மட்டும் கேளுங்கள். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். எண் வரவில்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டெஸ்டுக்குத் தனியாகக் காசு தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பில்லில் அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். 15 வருஷம் முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனபோது முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். வண்டியை வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்து அவ்வளவு கட்டியாயிற்று, டெஸ்டுக்கு முந்நூறு கட்டுவதில் என்ன குறைந்துவிடும்?

வாத்தியார் வண்டி இப்போது முதல் அடியிலேயே பிடிக்கிறது. போன மாதம் இன்ஜினை நிறுத்திவிட்டு, மனைவியோடு உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். பழைய பம்பைத் தூக்கிப் போடவில்லை. பையன் அதை டெஸ்ட் செய்து "நல்லா இருக்குங்க" என்று சொன்னதால் ஸ்பேராக வைத்திருக்கிறார்.

பையன் சொந்தமாகக் கேஜ் வாங்கிவிட்டான். பட்டறை வாசலில் சிலேட்டுப் பலகையில் "பெட்ரோல் பிரஷர் டெஸ்ட் ரூ. 300" என்று எழுதி வைத்திருக்கிறான். முதல் வாரத்தில் வந்த ஒரு பெரியவர் அரை மணி நேரம் டெஸ்ட் செய்யவைத்து, ஃபில்டர் அடைப்பு என்று கண்டுபிடித்ததும், "ஒண்ணும் பெருசா இல்லையே" என்று பேரம் பேசி 150 கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் யாரென்று இங்கே எழுதமாட்டேன். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்தான். பாக்கி 150 ரூபாயைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.